ஹெலிகாப்டர் கதவில் நின்ற அண்ணன்

நாயுடுபுரத்தில் எங்கள் சபைக்கு ஒரு மண்டபம் இருந்தது. தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் பேசுகிறவரின் வாயசைவது மட்டும்தான் தெரியும். அந்த சீசன் மாதத்துப் பிற்பகலில் மழை பெய்யவில்லை. அதனால் என் அண்ணன் மேடையில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

சீனாக்காரனோடு நடந்த சண்டை முடிந்து ஒரு வருடம், அதற்கு மேலேயும் இருக்கலாம். அண்ணன் ஞானம் விமானப் படையில் ஹெலிகாப்டர் ஃபிட்டர், அதாவது மெக்கானிக்; அது பறக்கும்போதும் கூடவே போகிறவன். சண்டைக்குப் பிறகு கிடைத்த முதல் நீண்ட லீவில் வந்திருந்தான். கோடைக்கானலிலிருந்து போர்முனைக்குப் போய்த் திரும்பியவர்கள் அப்போது அதிகம் இல்லை. சபைப் பெரியவர்கள் கூடிப் பேசி, அவனுக்கு ஒரு வரவேற்பு வைத்தார்கள்.

கழுத்தில் டேலியாப் பூ மாலை. நீலச் சட்டை. மாலையின் ஈரம் சட்டையில் ஊறி, மார்பில் ஒரு கறுத்த வட்டம் தெரிந்தது. மண்டபத்துக்குள் யூகலிப்டஸ் தைல வாசனையும், நனைந்த கம்பளி வாசனையும், பின்னால் கொதித்துக்கொண்டிருந்த டீயின் வாசனையும் கலந்திருந்தன.

மூன்றாவது பெஞ்சில் வத்தலக்குண்டிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள். "எங்க மகனுக்கு ஃபங்ஷன் வெச்சிருக்காங்க, அன்னைக்கே வாங்க" என்று நாள் குறித்ததே அப்பாதான். நான் அப்போது டீச்சர் ட்ரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். மாம்பழ நிறத்தில் ஒரு புடவை. அண்ணன் அஸ்ஸாமிலிருந்து வாங்கி வந்தது.

அவன் பேச எழுந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினார்.

பெரிய வண்டி

அவன் என்ன பேசினான் என்பதைச் சொல்லும் முன், அவன் வேலை பார்த்த அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அதை ஹெலிகாப்டர் என்று யாரும் சொன்னதில்லை. பெரிய வண்டி என்போம்.

அண்ணன் படையில் சேர்ந்த புதிதில் இருந்தவை சின்ன ஹெலிகாப்டர்கள். இரண்டு மூன்று பேர் ஏறினாலே திணறுமாம். மலையில் நிற்கிற சிப்பாய்களுக்கு அரிசி, மண்ணெண்ணெய், குண்டு, கம்பளி எல்லாம் கொண்டுபோய் இறக்க அவை போதாது என்று, ருஷ்யாவிலிருந்து பெரியதாக ஒன்றை வாங்கினார்கள். அது பெட்டி பெட்டியாக வந்ததாம். கூடவே ருஷ்யர்களும் வந்தார்கள். அவர்கள் ருஷ்ய மொழியில் சொல்ல, ஒருவர் அதை ஆங்கிலத்தில் சொல்ல, அதை இவன் தமிழில் மனசுக்குள் எழுதிக்கொள்வான். அந்தச் சமயத்தில் லீவுக்கு வந்தவன் அம்மா வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு "ஹரஷோ" என்றான். அம்மா திட்டுகிறான் என்று நினைத்துவிட்டாள். நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம்.

அந்த வண்டியின் இன்ஜின் மூக்கில் இருக்கும். பைலட்டுகள் அதன் தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். வால் பக்கத்தில் வயிறு இரண்டாகப் பிளந்து, அலமாரிக் கதவு மாதிரித் திறக்கும். ஒரு ஜீப்பையே அப்படியே உள்ளே தள்ளிவிடலாம் என்பான். அப்பா நம்பவில்லை.

"ஜீப்பையா? ஏலே, கதை விடாத."

"தள்ளிப் பார்த்திருக்கேன்ப்பா, நானே."

"அப்ப ஆளு எத்தனை ஏறலாம்?"

அண்ணன் அன்று சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "கீழ, சமவெளியிலன்னா ஒரு சின்னக் கல்யாண கோஷ்டியே ஏறலாம். மேல போகப் போக முடியாது. பெருமாள்மலை ஏத்தத்துல நம்ம பஸ்ஸு எப்பிடி இளைக்குது? அதே கதைதான். மேல காத்து லேசு. இன்ஜினுக்கும் மூச்சு பத்தாது, மேல சுத்துற றெக்கைக்கும் பிடிமானம் பத்தாது. ஒரு ஆளு கூட ஏறுனா வண்டி தரையை விட்டுக் கெளம்பாது. கெளம்புனாலும் பள்ளத்துல போய் விழும்."

அப்பா தலையாட்டினார். மலைமேல் சாதம் வேக ஏன் நேரமாகிறது என்று தெரிந்தவருக்கு இதுவும் புரிந்தது.

அப்பா

அப்பா ஓர் அமெரிக்க மிஷினரி பங்களாவில் சமையல்காரர். அவருடைய பிளம் ஜாமைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். மனிதர்களை அவர் எடைபோடுவது சாப்பாட்டு மேஜையை வைத்துத்தான். மிச்சம் வைக்கிறவன், வேலைக்காரனுக்குத் தெரியாமல் நாய்க்குப் போடுகிறவன், சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்கிறவன் என்று ஊரையே பிரித்து வைத்திருந்தார்.

அண்ணன் படையில் சேர்ந்ததிலிருந்து அவருடைய நடையே மாறிப்போயிற்று. ஊர் நடுவே ஏழு ரோட்டில் யாரைப் பார்த்தாலும், "நம்ம பையன் பெரிய வண்டியில இருக்கான். அடிபட்டவங்களைப் பொறுக்கி ஏத்திட்டு வாரது அவன் சோலிதான்" என்று தொடங்கிவிடுவார். பங்களாத் துரைக்கும் சொல்வார். காய்கறிக் கடையில் சொல்வார். ஒரு தடவை சீசனுக்கு வந்த யாரோ ஒரு குடும்பத்தை மடக்கி, படகுத் துறையில் நிறுத்திச் சொல்லியிருக்கிறார். நான் பக்கத்தில் நின்று கூசிப்போனேன். ஆனால் கேட்டவர்கள் மரியாதையாக அப்பாவுக்குக் கை கொடுத்தார்கள்.

அதனால் அன்று மண்டபத்தில் அவர் போட்டிருந்த கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முன்பிருந்த துரை ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. தோள்பட்டை இறங்கியிருக்கும். முதல் வரிசையில் அதோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மேடையில்

அண்ணன் முதலில் நன்றாகத்தான் பேசினான். பனியைப் பற்றிச் சொன்னான். இறங்க இடமில்லாத மலையில் மரத்தை வெட்டி ஒரு முற்றம் அளவுக்கு இடம் செய்து, அதில் பைலட் வண்டியை இறக்குவதைச் சொன்னான். ஜனங்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். தலைமை வகித்தவர் அவனை உற்சாகப்படுத்துவதற்காக எழுந்து, "நம்ம தம்பி எத்தனை உசுரைக் காப்பாத்தியிருக்கு, அதைச் சொல்லணும்" என்றார்.

அண்ணன் மாலையில் ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தான்.

"எல்லாரையும் ஏத்தலைங்க" என்றான்.

யாரோ சிரித்தார்கள், அவன் அடக்கமாகப் பேசுகிறான் என்று நினைத்து.

"கடைசியா ஒரு எடத்துக்குப் போனோம். சுத்தியும் சீனாக்காரன் சுட்டுக்கிட்டு இருந்தான். கதவைத் தெறந்ததும் ஓடி வந்தாங்க. இத்தனை பேருதான்னு பைலட் சொல்லிட்டாரு. கதவுல நின்னு ஏத்துறது நான். ஏத்தி முடிச்சாச்சு. வண்டி ஆடுது. அப்ப ஒருத்தர் கதவு விளிம்பைப் பிடிச்சுத் தொங்குனாரு. தலையில கட்டு, கட்டு முழுக்க ரத்தம். நான் இந்தியில எறங்கு எறங்குன்னு கத்துனேன். வாயில தமிழு வந்துருச்சு போல. அவரு என்னைப் பார்த்து, 'அண்ணே, நானும் தமிழ்தாண்ணே, பழனிப் பக்கம்ணே, விட்டுட்டுப் போயிராதீங்கண்ணே'ன்னாரு."

மண்டபத்தில் டீ ஆற்றுகிற சத்தம் நின்றுவிட்டது.

"நான் அவரு வெரலைப் பிரிச்சேங்க. ஒவ்வொரு வெரலா. குளிருல வெறைச்சுப் போயிருந்துச்சு. அடுத்த நடையில கண்டிப்பா ஏத்திக்கிறேன்னு சொன்னேன். அடுத்த நடை போக முடியல, மேகம் மூடிருச்சு. மறுநாள் அந்த எடம் நம்ம கையில இல்ல."

பிறகு அவன் மாலையைக் கழற்றினான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, "அவரு பேரு கூட எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லி உட்கார்ந்தான்.

யாரும் கை தட்டவில்லை. மகன் பட்டாளத்தில் இருந்த ஓர் அம்மாள் எழுந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். தலைமை வகித்தவர் அவசரமாகப் பள்ளிப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார். அவர்கள் ஆளுக்கொரு சுருதியில் தொடங்கினார்கள்.

அப்பா பாட்டு முடியும்வரை கூட இருக்கவில்லை. முதல் வரிசையிலிருந்து எழுந்து, நடுவே நடந்து, எல்லோர் கண்ணும் பார்க்க வாசல் வழியே போனார். கோட்டு முதுகில் சுருங்கியிருந்தது. நான் தலையைத் தூக்கவில்லை. என் புடவைக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து பார்த்தபோது மூன்றாவது பெஞ்சு காலியாக இருந்தது.

வீட்டில்

"வீட்டுல சொல்லக் கூடாதாலே? எங்கிட்டச் சொல்லக் கூடாதா? ஸ்டேஜ்லயா சொல்லணும்?" அப்பா கத்தியது அந்த ஒரு தடவைதான். அண்ணன் அதற்குச் சொன்ன பதில், "அவங்க கேட்டாங்கப்பா" என்பதுதான். அதன் பிறகு அப்பா அவனோடு பேசவில்லை. சமைத்து வைப்பார். அவன் உட்கார்ந்தால் அவர் எழுந்துவிடுவார்.

வத்தலக்குண்டுக்காரர்கள் தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். பையன் இப்போது கல்யாணம் வேண்டாம் என்கிறானாம். அந்தப் பையனை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் பின்கட்டில் நின்று அழுதேன். எங்கள் வீடு தாண்டும்போது சிலர் பேச்சை நிறுத்துவார்கள். பால்காரர் அண்ணனை "அந்த வெரலைப் பிரிச்ச தம்பி" என்று யாரிடமோ அடையாளம் சொன்னதை என் காதால் கேட்டேன். அந்த வாரம் முழுவதும் நான் சர்ச்சுக்குப் போகவில்லை. தண்ணீர் பிடிக்கக்கூட வெள்ளனே, ஆள் வருமுன் போய்விட்டு வந்துவிடுவேன்.

அண்ணன் மீது எனக்கு இருந்தது வெறும் கோபம். அவன் யாருக்கோ செய்ததைப் பற்றி அல்ல. எங்களுக்குச் செய்ததைப் பற்றி. எல்லோரும் சண்டையிலிருந்து ஒரு நல்ல கதையோடு வருகிறார்கள், இவனுக்கு என்ன என்று நினைத்தேன். அவனோ பேரி மரத்தடியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, நாளெல்லாம் கீழே பள்ளத்தில் ஏறி இறங்குகிற மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பொன்னையா கொண்டுவந்த செய்தி

பூண்டி கிராமத்திலிருந்து மட்டக் குதிரைகளில் வெள்ளைப்பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு வருகிற பொன்னையா அண்ணாச்சி அப்பாவுக்குப் பழக்கம். பங்களாவுக்கு காரட்டும் பூண்டும் அவர்தான் கொடுப்பார். அன்று மண்டபத்தின் வாசலில் நின்று அவரும் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு மொட்டை போடப் பழனிக்குப் போனவர், அங்கே தங்கிய சத்திரத்தில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

சில வாரம் கழித்து எங்கள் வாசலில் வந்து நின்றார். மழித்த தலையில் சந்தனம் காய்ந்திருந்தது.

"தம்பி ஞானம், அந்த ஆளு உசுரோட இருக்காருய்யா" என்றார்.

பழனி அடிவாரத்தில் தேங்காய், கற்பூரம் விற்கிற முத்துவேல். பட்டாளத்தில் டெலிபோன் கம்பி இழுக்கிற பிரிவில் இருந்தவர். சீனாக்காரனிடம் பிடிபட்டு, மாதக்கணக்கில் இருந்துவிட்டு, விடுதலையாகி வந்தவர். பனியில் விறைத்துச் செத்துப்போன ஒரு பாதத்தை எடுத்துவிட்டார்கள். கதையைக் கேட்டதும் சத்திரத்தில் இருந்தவர்களே அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஆமாம், நான்தான் என்றிருக்கிறார்.

"பார்க்கணுமாம். வரச் சொன்னாரு."

அண்ணன் கல்லிலிருந்து எழுந்து அவர் பக்கத்தில் வந்தான். அப்பா உள்ளே அடுப்படியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வெளியே வரவில்லை.

அம்மா என்னிடம், "நீ கூடப் போ. ஒத்தையில விட்டா எங்கயாச்சும் விழுந்து கெடப்பான்" என்றாள்.

கற்பூரக் கடை

வத்தலக்குண்டுக்கு இறங்கி, பஸ் மாறி மாறிப் போனோம். மலையிலிருந்து இறங்கியதுமே வெயில் முகத்தில் அடித்தது. அண்ணன் யூனிஃபார்ம் போடவில்லை. ஒட்டன்சத்திரம் தாண்டியதும், "என்னை அடிச்சாருன்னா நீ நடுவுல வராத, லில்லி" என்றான்.

அடிவாரம் முழுக்க மொட்டைத் தலைகளும் காவடிகளும். குதிரை வண்டிகளின் சாணி வாசனையும் வெல்லப் பாகு வாசனையும். முத்துவேல் கடை கண்டுபிடிக்க எளிதாக இருந்தது. பெயரைச் சொன்னதுமே ஒரு பூக்காரி, "ஹெலிகாப்டருல ஏத்தாம விட்டுட்டுப் போனாங்களே, அவரா?" என்று கேட்டு வழி காட்டினாள். அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை.

முப்பது வயது இருக்கும். ஒல்லி. ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கக்கத்துக் கட்டை சுவரில் சாய்ந்திருந்தது. அவர் மனைவி தெய்வானை தேங்காய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் கடைக்கு முன்னால் போய் நின்று, "நான்தாங்க" என்றான்.

"கொரலு தெரியுதுங்க. உக்காருங்க." முத்துவேல் எங்களுக்கு ஒரு பெஞ்சைக் காட்டினார். நான் யார் என்று கேட்டார், தங்கச்சி என்றான். மனைவியிடம், "போயி காப்பி வாங்கிட்டு வா. தூரமா இருந்தாலும் அந்த ஐயர் கடையிலயே வாங்கு" என்றார். தெய்வானை அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தூக்குப் போணியை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் கூட்டத்தில் மறையும்வரை அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழப் போனேன். "தங்கச்சி இருக்கட்டும்" என்றார். "யாராச்சும் ஒருத்தர் கூடக் கேக்கட்டும்."

பிறகு குரலைத் தாழ்த்தி அண்ணனிடம் கேட்டார். "அன்னைக்கு நீங்க என்னைப் பார்த்ததும் கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"என்னதைங்க?"

"என் தலையில காயமே இல்லைங்கிறதை."

அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்கும்.

"அது என் கட்டு இல்லைங்க. பக்கத்துல ஒரு பஞ்சாபிக்காரரு கெடந்தாரு. தலையில பட்டுருச்சு. அப்பத்தான் உசுரு போச்சு. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டுச்சு. அடிபட்டவங்களை மட்டுந்தான் ஏத்துவாங்கன்னு சொன்னாங்க. அவரு கட்டை அவுத்து என் தலையில சுத்திக்கிட்டேன். ஓடி வந்தேன். எனக்கு அன்னைக்கு ஒரு கீறல்கூட இல்லை."

ஒருவர் வந்து கற்பூரம் கேட்டார். முத்துவேல் எடுத்துக் கொடுத்து, சில்லறை வாங்கிப் போட்டுக்கொண்டு, மறுபடி எங்களைப் பார்த்தார். உதடு காய்ந்திருந்தது.

"நீங்க பார்த்துட்டீங்க, அதனாலதான் கையை எடுத்து விட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நியாயந்தான நடந்துச்சுன்னு. அந்தச் சிறையில கால் அழுகிக் கெடந்தப்பக்கூட அதைச் சொல்லித்தான் மனசை ஆத்திக்கிட்டேன். ஊருக்கு வந்து ஹெலிகாப்டர் கதையே யாருக்கும் சொல்லலை, என் சம்சாரத்துக்குக்கூட. இப்ப நீங்க மேடையில சொன்னது இங்க வந்துருச்சு. காயம்பட்டவனை விட்டுட்டுப் போயிட்டாங்களாம்னு வாரவன் போறவன் எல்லாம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவுறாங்க. எனக்குக் காயமே இல்லைன்னு சொல்லவும் முடியல, ஆமா காயந்தான்னும் முடியல. சொல்லுங்க. நீங்க பார்த்தீங்களா, பார்க்கலையா?"

அண்ணன் நினைத்திருந்தால் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் அதைத்தான் எதிர்பார்த்தார், நன்றாகத் தெரிந்தது. அண்ணன் தலையை அசைத்தான்.

"இல்லைங்க. எனக்குத் தெரியாது. அடிபட்டவருன்னுதான் நெனச்சேன். எடம் இல்லை. அதான் பிரிச்சேன்."

முத்துவேல் கண்ணை மூடிக்கொண்டார்.

தெய்வானை

அவள் வேகமாகத்தான் போய் வந்திருக்க வேண்டும். நெற்றியில் வியர்வை. போணியை வைத்து, டம்ளர்களில் காப்பியை ஊற்றி எங்கள் முன்னால் வைத்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணனுக்கு நேராக நின்றாள்.

"ஒண்ணு கேக்கட்டுமாய்யா? ரத்தம் ஒழுக ஒரு மனுசன் அண்ணேன்னு கூப்புடுறாரு. நம்ம ஊரு ஆளு. எப்பிடிய்யா உங்களுக்குக் கை வந்துச்சு?"

அண்ணன் எழுந்து நின்றான்.

"இவரு மட்டும் அன்னைக்கு ஏறியிருந்தா காலு போயிருக்குமா? பனியில நடந்திருப்பாரா? தெனமும் கட்டைய ஊனிக்கிட்டுக் கெளம்புறாரே, நான் பார்க்கேன், உங்க வீட்டுல யாரு பார்க்கா? மேடை போட்டுச் சொன்னீங்களாமே. மாலை போட்டாங்களாமே. மாலை போட்டுக்கிட்டு இதைச் சொல்ல உங்களுக்குக் கூசலையா?"

சுற்றியிருந்த கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பூக்காரி கையில் தொடுத்த பூவோடு வந்து நின்றாள். அண்ணன் குனிந்த தலை நிமிரவில்லை. அவள் பேசப் பேச நான் முத்துவேலையே பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும், நிறுத்து என்றாவது சொல்லுங்கள் என்று என் கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, கற்பூரப் பொட்டலத்தை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். காது மடல் வரைக்கும் ரத்தம் ஏறியிருந்தது.

"அக்கா, கொஞ்சம் கேளுங்க, அவரு..." என்று நான் எழுந்தேன்.

அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தான். வளையல் நொறுங்குகிற அளவுக்கு அழுத்தினான்.

"அவங்க சொல்றது சரிதாம்மா" என்றான் என்னிடம். அவளிடம் திரும்பி, "தப்புதாங்க" என்றான்.

தெய்வானை தலைப்பை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அழுதாள். அழுதுகொண்டே, "காப்பி ஆறுது, குடிச்சிட்டுப் போங்க" என்றாள். நாங்கள் குடித்தோம். எப்படிக் குடித்தோம் என்று இன்றும் தெரியவில்லை.

புறப்படும்போது அவள் தெருமுனை வரை என் பின்னாலேயே வந்தாள். "நான் ரொம்பப் பேசிட்டேன், தங்கச்சி. ஏதாவது எதுத்துச் சொல்லுவாரு, இல்லைங்க, இப்பிடி நடந்துச்சுன்னு ஒரு காரணம் சொல்லுவாருன்னு பார்த்தேன். ஒண்ணுமே சொல்லலை. அப்ப எல்லாம் நெசந்தான்" என்றாள்.

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

பஸ்ஸில்

திரும்பும் வழியில் பொறுக்க முடியாமல் அவனிடம் சண்டை பிடித்தேன். "ஊரு முன்னாடி அத்தனை பேச்சுக் கேட்டுக்கிட்டு நின்னியே. அவருதான பொய்க் கட்டு கட்டுனது? நீ செஞ்சது சரின்னு ஆயிருச்சே. அப்பாகிட்ட நான் சொல்லத்தான் போறேன்."

"சொல்லாத."

"ஏன்?"

"அந்தம்மாவோட அவரு இனி வாழணும்ல."

"நீ வாழ வேணாமா? நான் வேணாமா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கொய்யாத் தோப்புகள் ஓடின. "லில்லி, அவரு தலையில காயம் இல்லைங்கிறது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். அன்னைக்குத் தெரியாது. அடிபட்ட ஆளுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நான் வெரலைப் பிரிச்சேன். அதுல ஒண்ணும் மாறலை" என்றான். சற்றுக் கழித்து, "மேடையில சொன்னா எனக்குப் பாரம் கொறையும்னு நெனச்சேன். அதைத் தூக்கி அவரு தலையில வெச்சுட்டேன்" என்றான்.

சில மாதத்தில் பொன்னையா அண்ணாச்சி இன்னொரு செய்தி சொன்னார். முத்துவேல் கடையைக் கொடுத்துவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போய்விட்டாராம். ஊர்க்காரர்கள் இரக்கப்பட்டது அவருக்குத் தாங்கவில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். அண்ணனுக்கு எழுதவில்லை. அவன் அதற்குள் படைக்குத் திரும்பி, அதே பெரிய வண்டியின் அதே கதவில் நின்றுகொண்டிருந்தான்.

எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆயிற்று. அண்ணன் கதை தெரிந்தும் என்னைப் பெண் கேட்டு வந்த ஒரு மனிதர். அவரைப் பற்றித் தனியாக எழுதுவேன்.

இந்தப் பழனிக் கதையை இத்தனை காலமும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் போய்விட்டான். முத்துவேலும் தெய்வானையும் இறந்துவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. பெயரையும் கடையையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அப்படியும் எழுதும்போது ஒருவருடைய வீட்டு ஜன்னலைத் திறந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது.

பல வருடம் முன்பு அப்பா படுக்கையில் விழுந்தபோது அண்ணனிடம் கடைசியாக ஒரு தடவை கேட்டேன். அப்பாவிடம் மட்டுமாவது சொல்லிவிடட்டுமா என்று. அண்ணன் லேசாகச் சிரித்தான். "அப்பாகிட்டச் சொன்னா, இந்த நெலமையிலயும் எந்திரிச்சு ஏழு ரோட்டுல போயி நின்னு, எம்மகன் தப்புப் பண்ணலைன்னு ஊரெல்லாம் சொல்லிருவாரு. வேண்டாம்."

அன்று சாயங்காலம் அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே மேகம் ஜன்னலை ஒட்டி நின்றது. அண்ணன் கணப்புக்கு விறகு எடுக்கப் போயிருந்தான். அப்பா கரண்டியைக் கையால் தடுத்து, என்னைக் கேட்டார்.

"அன்னைக்குப் பழனியில என்னம்மா நடந்துச்சு?"

அத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணும் நடக்கலைப்பா. அந்தக் கடையில உக்காந்திருந்தோம். வந்துட்டோம்."

"என்ன குடுத்தாங்க?"

"காப்பி குடுத்தாங்க."

"அவன் குடிச்சானா?"

"குடிச்சான்ப்பா."

மேஜையில் நடப்பதை வைத்தே ஆளை எடைபோடுகிற அப்பா, கரண்டியைத் தடுத்த கையை எடுத்தார். "காப்பி குடுத்தாங்களா? அப்பச் சரி" என்றார். பிறகு, "கஞ்சி போதும். வெரசா அவனுக்கு ஏதாச்சும் சாப்புடக் குடு" என்றார்.